கேரள காயலில் நண்பர்களோடு படகு சவாரி: ஏறும் முன் அந்த நம்பரைப் பாருங்க!

சிவகாசி:

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளுக்கு லீவு விடுவது வழக்கம். கையில் போனஸ் காசு இருக்கும். கொஞ்ச நாளைக்கு வேலையும் இருக்காது. "மாப்ள, எத்தனை வருசம் குத்தாலத்துக்கே போறது? இந்த வாட்டி கேரளாவுக்குப் போய் போட்ல சுத்துவமா?" என்று டீக்கடையில் ஆரம்பிக்கும் பேச்சு, வேன் பேசுவதில் போய் முடியும். சித்திரைப் பொங்கல் லீவிலும் இதே கதைதான்.

போக வேண்டியதுதான். வருஷம் பூராவும் வெயிலிலும் மருந்து நெடியிலும் கிடக்கிற உடம்புக்கு ரெண்டு நாள் தண்ணிக்காற்று பட்டால் நல்லதுதானே. ஆனால் ஒரு விஷயம். நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கு கடல் கிடையாது. 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்தபோது கடற்கரை எல்லாம் அந்தப் பக்கமே தங்கிவிட்டது. நமக்குத் தெரிந்த தண்ணி கண்மாயும் கிணறும்தான். படகு என்றால் என்ன, அது எப்போது ஆடும், எப்போது கவிழும் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதனால்தான் இந்த விளக்கம்.

ஏன் கேரளா?

தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் கடலோரமாகவே படகில் போகிற பாதை இருந்தது. அதுதான் பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவின் பெத்தகஞ்சம் பக்கம் தொடங்கி, சென்னை வழியாக மரக்காணம் பக்கம் வரை சுமார் 420 கிலோ மீட்டர். நெல்லு, உப்பு, விறகு எல்லாம் அதில்தான் போனது. பாரதிதாசன் தன் நண்பர்களோடு அந்தக் கால்வாயில் மகாபலிபுரத்துக்குப் படகில் போய்விட்டு வந்து, அதைப் பாட்டாகவே எழுதி இருக்கிறார். இன்றைக்கு சென்னைக்குள் அந்தக் கால்வாய் சாக்கடையாகக் கிடக்கிறது. பறக்கும் ரெயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. முழுசாகப் போகிற படகு இல்லை.

ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலைக்கு அந்தப்பக்கம் அப்படி இல்லை. கொல்லத்தில் இருந்து வடக்கே கோட்டப்புரம் வரை காயல்களையும் கால்வாய்களையும் சேர்த்து 1993-ல் மத்திய அரசு 3-வது தேசிய நீர்வழியாக அறிவித்தது. கிளைக் கால்வாய்களோடு சேர்த்து மொத்தம் 205 கிலோ மீட்டர். 2016-ல் இதை கோழிக்கோடு வரை நீட்டி சட்டம் போட்டார்கள். ரோட்டில் தேசிய நெடுஞ்சாலை மாதிரி இது தண்ணீரில் நெடுஞ்சாலை.

காயல் என்பது கடலுக்குப் பக்கத்திலேயே, மணல்திட்டுக்கு உள்பக்கமாக தேங்கி நிற்கும் ஏரி. கடல் அலை அதற்குள் நேராக வராது. அதனால்தான் படகு ஆடாமல் அசையாமல் போகும்.

எப்படி போவது?

நமக்கு இது ரொம்ப வசதி. விருதுநகர், திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை என்று போகிற ரெயில் பாதை அப்படியே மலையைத் தாண்டி கொல்லத்தில் போய் முடிகிறது. செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் பாதையை 2010-ல் அகலப்பாதை வேலைக்காக மூடினார்கள். 2018-ல்தான் முழுசாகத் திறந்தார்கள். சென்னை எழும்பூர்–கொல்லம் எக்ஸ்பிரஸ் சிவகாசி வழியாகத்தான் போகிறது. சிவகாசியில் இருந்து கொல்லம் சுமார் 200 கிலோ மீட்டர். ஆரியங்காவு குகைப்பாதை, கழுதுருட்டி 13 கண் பாலம் எல்லாம் வழியிலேயே வரும். ரெயில் நேரத்தை 139-க்கு போன் போட்டு கேட்டுக்கொள்ளலாம்.

வேனில் போகிறவர்களுக்கு ராஜபாளையம், தென்காசி, புளியரை, தென்மலை, புனலூர் வழியாக ரோடு. வாடகை வண்டி என்றால் கேரளா பெர்மிட், வரி கட்டிய ரசீது இருக்கிறதா என்று கிளம்பும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். செக்போஸ்டில் நின்றுகொண்டு சண்டை போட வேண்டாம்.

கொல்லத்தில் படகுத்துறையும் அரசு பஸ் நிலையமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆலப்புழையிலும் படகுத்துறைக்குக் கிட்டத்திலேயே பஸ் நிலையம் இருக்கிறது. ரெயில் நிலையம்தான் கொஞ்சம் தள்ளி, கடற்கரைப் பக்கம் இருக்கிறது.

வழியில் எங்கெங்கே நிற்கலாம்?

கொல்லம்–ஆலப்புழை நீர்வழியில் முதலில் வருவது அஷ்டமுடி காயல். எட்டு கை விரித்த மாதிரி பிரிந்து கிடப்பதால் அந்தப் பெயர். கரையோரத்தில் சீன வலைகள் தொங்கும். காயலின் ஓரத்தில் மன்றோ தீவு இருக்கிறது. அங்கே சின்ன வள்ளத்தில் ஏறினால், ஓடை மாதிரி குறுகலான கால்வாய்களில் கம்பு ஊன்றியே கொண்டு போவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து போக ஏற்ற இடம்.

அடுத்து சவறா. இல்மனைட் கலந்த கருப்பு மணலுக்குப் பேர் போன ஊர். அதைத் தாண்டினால் ஆலப்பாடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாய், நடுவில் ஒரு நாடா மாதிரி ஊர். 2004 சுனாமியில் பெரிய அடி வாங்கிய இடம் இது. வள்ளிக்காவு அமிர்தானந்தமயி ஆசிரமத்தின் உயரமான கட்டிடங்களை படகில் இருந்தே பார்க்கலாம்.

பிறகு காயங்குளம் காயல், திருக்குன்னப்புழை, பல்லனை, தோட்டப்பள்ளி. தோட்டப்பள்ளியில் வெள்ளத்தண்ணியை கடலுக்குத் திருப்பிவிடும் பெரிய மதகு இருக்கிறது. கருமாடியில் பாதி உடைந்த கருங்கல் புத்தர் சிலை இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'கருமாடிக்குட்டன்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

கடைசியாக குட்டநாடு. நம்ம ஊரில் கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு தண்ணி விடுவோம். அங்கே தலைகீழ். வயல் பள்ளத்தில் இருக்கிறது, தண்ணி வரப்புக்கு வெளியே மேலே நிற்கிறது. பம்ப் வைத்து வயலில் இருந்து தண்ணியை வெளியே இறைத்துவிட்டுத்தான் நெல் போடுகிறார்கள். கடல் மட்டத்துக்கும் கீழே விவசாயம். விவசாயம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்தால் வாயடைத்துப் போவார்கள். அதைத் தாண்டினால் நேரு கோப்பை படகுப்போட்டி நடக்கும் புன்னமடை காயல், அப்புறம் ஆலப்புழை.

எந்தப் படகில் ஏறுவது?

காசு குறைவாகச் செலவாக வேண்டும் என்றால் கேரள மாநில நீர்ப்போக்குவரத்து துறை படகுதான் சரி. 1968-ல் தொடங்கிய துறை. ஆலப்புழைதான் தலைமை இடம். நம்ம டவுன் பஸ் மாதிரி ஒவ்வொரு துறையாக நின்று நின்று போகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடை வைத்த அம்மாக்கள், பால்கேன் எல்லாம் அதில்தான். ஆலப்புழை–கோட்டயம், ஆலப்புழை–நெடுமுடி, முகம்மா–குமரகம் என்று பல வழிகள் உண்டு. ஆலப்புழையில் இருந்து கோட்டயத்துக்கு சுமார் இரண்டரை மணி நேரம். ஹவுஸ்போட்டில் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கும் அதே காயல், அதே தென்னை மரம்தான் பஸ் டிக்கெட் மாதிரியான காசில் இங்கேயும்.

கொல்லத்தில் இருந்து ஆலப்புழைக்கு நேராக, சாப்பாட்டுக்கு ஒரு இடத்திலும் டீக்கு ஒரு இடத்திலும் நிறுத்தி, சுமார் 8 மணி நேரம் போகும் சுற்றுலா படகு பல வருஷம் ஓடியது. ஆனால் கால்வாயில் பாலம் வேலை, மதகு வேலை நடந்தால் பாதை அடைபடும். எனவே அந்த நேர் படகை நம்பிக் கிளம்பாதீர்கள். படகுத்துறையில் விசாரித்துவிட்டு, ஓடவில்லை என்றால் கொல்லத்தில் அஷ்டமுடியைச் சுற்றிவிட்டு, பஸ்சிலோ ரெயிலிலோ ஆலப்புழை போய், அங்கே அரசு படகில் ஏறுங்கள்.

ராத்தங்க வேண்டும் என்றால் ஹவுஸ்போட். ஒரு காலத்தில் நெல் மூட்டை ஏற்றிய கெட்டுவள்ளம்தான் பிறகு இப்படி வீடாக மாறியது. ஆணி அடிக்காமல், அயினி மரப்பலகைகளை தேங்காய் நார்க்கயிறால் தைத்துச் செய்வார்கள். மேலே மூங்கில் பாய்க் கூரை. சாயங்காலம் ஆனதும் ஒரு கரையில் கட்டிப்போட்டு விடுவார்கள். ராத்திரி மீனவர்கள் வலை போடுகிற நேரம், படகை ஓட்டக்கூடாது. "ராத்திரி பூரா சுத்திக் காட்டுறேன்" என்று எந்த புரோக்கராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பல்லனையில் நடந்தது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

மேலே சொன்ன பல்லனையில் ஒரு நினைவிடம் இருக்கிறது. மலையாள மகாகவி குமாரன் ஆசானுடையது. 1924-ம் ஆண்டு ஜனவரி 16-ந்தேதி, விடியாத நேரம். கொல்லத்தில் இருந்து ஆலப்புழைக்குப் போன 'ரிடீமர்' என்ற படகு பல்லனையில் கவிழ்ந்தது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றி இருந்தார்கள். குமாரன் ஆசான் உள்பட 24 பேர் இறந்துபோனார்கள். அப்போது அவருக்கு 50 வயது.

நூறு வருஷம் தாண்டிவிட்டது. ஆனால் கதை மாறவில்லை.

2002 ஜூலை 27-ந்தேதி முகம்மாவில் இருந்து குமரகத்துக்குப் போன படகு வேம்பநாட்டுக் காயலில் மூழ்கி 29 பேர் பலியானார்கள். கூட்டம் நிரம்பி வழிந்த படகு.

2009 செப்டம்பர் 30-ந்தேதி நமக்குப் பக்கத்து தேக்கடியில் இரட்டை மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் பலி. அதில் தமிழ்நாட்டில் இருந்து சுற்றுலா போனவர்களும் உண்டு.

2011 கிறிஸ்துமஸ் அன்று நம்ம மாநிலத்திலேயே பழவேற்காட்டில் சவாரி போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

2023 மே 7-ந்தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில், மீன்பிடி படகை சுற்றுலா படகாக மாற்றி, 22 பேர் ஏற வேண்டியதில் 37 பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இருட்டுகிற நேரம். 22 பேர் பலி. அதில் அதிகம் பேர் குழந்தைகள்.

இதில் அரசு படகும் உண்டு, தனியார் படகும் உண்டு. காயலும் உண்டு, அணைத்தண்ணியும் உண்டு. அதனால் "கவர்மெண்ட் போட்டு, ஒண்ணும் ஆகாது" என்றும் கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடக் கூடாது.

படகு ஏன் கவிழ்கிறது?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். காரணம், அடியில் கனம். படகும் அதே மாதிரிதான். கனம் கீழே இருக்கும் வரை, ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாகவே நிமிர்ந்துவிடும்.

அந்தப் பொம்மையின் தலையில் ஒரு கல்லைக் கட்டினால் என்ன ஆகும்? தள்ளினால் விழும், எழாது. மேல்மாடியில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறினால் படகின் நிலைமை அதுதான்.

இன்னொன்று. ஆட்கள் ஏற ஏற படகு தண்ணிக்குள் இறங்கும். தண்ணி மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் உள்ள இடைவெளி குறையும். ஒரு முழம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண்தான் இருந்தால், கொஞ்சம் சாய்ந்தாலே தண்ணி உள்ளே வந்துவிடும். உள்ளே வந்த தண்ணியும் சாய்ந்த பக்கமே ஓடும். அப்புறம் நிமிராது.

மூன்றாவது, நாம் செய்கிற வேலை. "டேய், அங்க பாருடா யானை" என்று ஒருத்தர் கத்தினால் எல்லாரும் ஒரே பக்கம் ஓடுவோம். இல்லை என்றால் செல்போனில் போட்டோ எடுக்க ஒரே ஓரத்தில் கூடுவோம். நாற்பது பேர் ஒரு பக்கம் போனால் ரெண்டு டன்னுக்கு மேல் கனம் ஒரே நொடியில் இடம் மாறுகிறது. கவிழ்வதற்கு புயல் தேவையில்லை. அதுவே போதும்.

நமக்குத் தெரியாத கணக்கா?

ஒவ்வொரு படகிலும் பதிவு எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணிக்கையும் எழுதி இருக்க வேண்டும். பல பேர் அதைப் பார்ப்பதே கிடையாது.

ஆனால் சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டாசு ஆலையில் ஒவ்வொரு அறை வாசலிலும் எழுதி இருக்கும், உள்ளே எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று. அறைக்கு 4 பேருக்கு மேல் கூடாது. அஞ்சாவது ஆள் வந்தால் அறை உடனே வெடித்துவிடாது. பத்து நாள், இருபது நாள் ஒன்றும் ஆகாமலும் போகும். ஆனால் ஆகிற அன்றைக்கு, தப்பிக்க வழி இருக்காது. அந்த 4 என்கிற எண்ணுக்குப் பின்னால் எத்தனை வீட்டு ஒப்பாரி இருக்கிறது என்று நம்மை விட யாருக்குத் தெரியும்?

படகில் எழுதி இருக்கும் நம்பரும் அதே ஜாதிதான். "இன்னும் ரெண்டு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று படகுக்காரர் சொல்லலாம். அதைவிட, நம்ம கூட்டமே "பத்து பேருக்கு ரெண்டு போட்டா? ஒண்ணுலயே நெருக்கி உக்காருவோம், காசு மிச்சம்" என்று சொல்வதுதான் அதிகம். வேலை செய்கிற இடத்தில் முதலாளி ஒரு ஆள் கூட போட்டால் நமக்குப் பயம் வருகிறது. சுற்றுலா போன இடத்தில் அந்த அஞ்சாவது ஆளை நாமே ஏற்றுகிறோம். இது நியாயமா?

ஏறும் முன் பார்க்க வேண்டியவை

* படகில் எழுதி இருக்கும் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். உள்ளே இருப்பவர்களை எண்ணுங்கள். குழந்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். கூடுதல் என்றால் அடுத்த படகு. நம்பரே எழுதாத படகில் ஏறவே வேண்டாம்.

* லைப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டுங்கள். அதை மடித்து உட்கார்ந்து கொள்வது, ஹெல்மெட்டை கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிற மாதிரி. குழந்தைகளுக்கு சின்ன சைஸ் கேளுங்கள். பெரியது போட்டால் தண்ணியில் கழன்றுவிடும்.

* மேல்மாடியில் கூட்டம் இருந்தால் கீழே உட்காருங்கள். ஆட்டம் பாட்டம் கரைக்கு வந்த பிறகு.

* தீபாவளி லீவில் போகிறவர்கள் காலையிலேயே படகு ஏறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை வருவது வழக்கம். இருட்டிய பிறகு சவாரி வேண்டாம்.

* சரக்கு அடித்துவிட்டு காயலில் குதிக்காதீர்கள். கிணற்றில் நீச்சல் பழகியவருக்கும் காயல் புதுசு. அடியில் சேறு, மேலே ஆகாயத்தாமரை. காலைச் சுற்றினால் இழுக்கும்.

* ஊர்ப் பெருமைக்காக பட்டாசு கொண்டு போகாதீர்கள். கெட்டுவள்ளத்தின் கூரை மூங்கில் பாய், ஒரு பொறி போதும். ரெயிலில் பட்டாசு கொண்டு போவதும் குற்றம். ரெயில்வே சட்டப்படி 3 வருஷம் வரை ஜெயில் உண்டு.

* ஸ்டவ், கேஸ் சிலிண்டரும் அதே மாதிரிதான். 2023 ஆகஸ்டு 26-ந்தேதி மதுரை ரெயில் நிலையத்தில் நின்ற சுற்றுலா பெட்டியில் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை மறக்க முடியுமா?

* ஆபத்து என்றால் 112-க்கு போன் போடுங்கள். எந்தப் படகுத்துறையில் ஏறினோம் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கூட்டத்தில் ஒருத்தர்

நண்பர்களோடு போகும்போது 'வேணாம்டா' என்று சொல்கிற ஆளை "பயந்தாங்கொள்ளி" என்று கேலி பண்ணுவது வழக்கம். இந்தத் தடவை கிளம்பும்போதே ஒருத்தரை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலையில் போர்மேன் இல்லையா, அந்த மாதிரி. படகில் ஏறும் முன் நம்பரைப் பார்ப்பதும், தலையை எண்ணுவதும் அவர் வேலை. அவர் "இதுல வேணாம்" என்றால் வேண்டாம். அடுத்த படகுக்கு அரை மணி நேரம் ஆகலாம். துறையில் நின்று ஒரு டீ குடிக்கலாம்.

காயல் எங்கேயும் ஓடிவிடாது. குட்டநாட்டு வயலும், பல்லனை நினைவிடமும், அஷ்டமுடி சீன வலையும் அங்கேயேதான் இருக்கும். சிவகாசி ஸ்டேஷனில் இருந்து எத்தனை பேர் ரெயில் ஏறினீர்களோ, அத்தனை பேரும் திரும்பி வந்து அதே ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் எதிர்பார்ப்பது அந்த நம்பரைத்தான்.